இரண்டாம் பாகத்தின் முதல் இரண்டு மணி நேரம்

ஆர்பிஜி எனப்படும் பாத்திரமேற்பு விளையாட்டு மற்றக் கணினி விளையாட்டுகளைப் போல உடனே பிடிகொடுப்பதில்லை. கார்ப் பந்தயம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும். சுடும் விளையாட்டை அரை மணி நேரத்தில் எடைபோட்டுவிடலாம். ஆர்பிஜியிலோ முதல் சில மணி நேரம் ஒரு மனிதனை உருவாக்கவும், அவனுக்கு ஊரையும் உறவையும் பகையையும் அறிமுகம் செய்யவும் போய்விடுகிறது. அது இரண்டாம் பாகமாகவும் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். முதல் பாகத்தை முடித்தவர் எதிர்பார்ப்போடு வருகிறார். அதைத் தொடாதவர் கதையின் நடுவில் வந்து நிற்கிறார். இருவருக்கும் ஒரே தொடக்கத்தைத்தான் கொடுத்தாக வேண்டும்.

இதற்கிடையில் பணத்தின் கணக்கும் ஓடுகிறது. ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய விளையாட்டை, வாங்கிய 14 நாட்களுக்குள், விளையாடிய நேரம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். ஆகவே இரண்டாம் பாகம் பற்றிய முதல் அபிப்பிராயம் என்பது வெறும் ரசனைப் பேச்சு அல்ல. அது அந்த இரண்டு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டிய ஒரு முடிவு. அந்த நேரத்தில் எதைப் பார்ப்பது, பார்த்ததில் எதை நம்புவது, எதை நம்பாமல் விடுவது என்பதை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

உதாரணமாக எடுத்துக்கொள்ளப்படுவது 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ் 2'. செக் நாட்டின் பிராக் நகரிலுள்ள வார்ஹோர்ஸ் நிறுவனம் உருவாக்கி, 2025 பெப்ரவரி 4 அன்று வெளியான விளையாட்டு இது. வெளியான 24 மணி நேரத்துக்குள் பத்து லட்சம் பிரதிகள் விற்றன. இதைத் தேர்ந்ததற்குக் காரணம் அந்த விற்பனை அல்ல. இதன் தொடக்கம் மெதுவானது, அளவு பெரியது, சேமிப்பு முறை கறாரானது. பண்டாரவளையிலோ பதுளையிலோ ஹப்புத்தளையிலோ, அவற்றைச் சுற்றிய தோட்டங்களிலோ இருந்துகொண்டு இந்த ஒரு விளையாட்டைச் சரியாகக் கையாளத் தெரிந்தவருக்கு வேறெந்த இரண்டாம் பாகமும் பெரிய தொல்லை தராது.

எந்த வகை இரண்டாம் பாகம்

பெயருக்குப் பின்னால் வரும் எண்ணை வைத்துக் கதை தொடர்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. 1987இல் தொடங்கிய 'ஃபைனல் ஃபேன்டஸி' வரிசையில் ஒவ்வொரு எண்ணும் பெரும்பாலும் புது உலகம், புது மனிதர்கள். அந்த வரிசையில் பத்தாம் விளையாட்டின் கதையை நேரடியாகத் தொடர்ந்தது 2003இல் வந்த 'எக்ஸ்-2'. 'பல்டர்ஸ் கேட்' வரிசையில் இரண்டாம் பாகம் 2000ஆம் ஆண்டில் வந்தது. முதல் பாகத்தில் வளர்த்த அதே ஆளை அதற்குள் கொண்டுபோக முடிந்தது. மூன்றாம் பாகம் 2023இல் வேறொரு நிறுவனமான லேரியனிடமிருந்து வந்தபோது நாயகனும் புதியவன், காலமும் நூறாண்டுக்கு மேல் நகர்ந்திருந்தது. அதை ஆட முன்னவற்றைத் தெரிந்திருக்கத் தேவையில்லை.

கதை நேரடியாகத் தொடரும்போதுதான் எழுதுகிறவர்களின் கைத்திறன் தெரியவருகிறது. மலையகத்தில் மாசி மாதம் நடக்கும் காமன் கூத்தில், காமன் பொட்டலைச் சுற்றி நிற்கிற அத்தனை பேருக்கும் மன்மதன் எரியப்போவது தெரியும். வேடம் கட்டியவர் யாரென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. விளையாட்டு எழுதுகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் தெரியாதவருக்குச் சொல்ல வேண்டும். தெரிந்தவருக்கு அலுக்கவும் கூடாது.

இதை அழகாகச் செய்தது 2015இல் வந்த 'தி விட்சர் 3'. தொடக்கத்துக்குச் சற்றுப் பின், பேரரசரைச் சந்திக்கப்போகும் நாயகன் கெரால்ட்டுக்குத் தாடி மழிக்கிறார்கள். கத்தி கன்னத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு படைத்தலைவன் பக்கத்தில் நின்று, முன்பு நடந்ததைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்கிறான்: அவரைக் கொன்றாயா, இவரை விட்டுவிட்டாயா என்று. கெரால்ட் சொல்லும் பதில்களே இரண்டாம் பாகத்தின் முடிவுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பழைய சேமிப்புக் கோப்பு இல்லாதவரும் தன் கடந்தகாலத்தைத் தானே சொல்லிவிடலாம். 2010இல் வந்த 'மாஸ் எஃபெக்ட் 2' முதல் பாகத்தின் சேமிப்பையே வாங்கிக்கொண்டது. அதன் பிளேஸ்டேஷன் 3 பதிப்பு அடுத்த ஆண்டு வந்தபோது, அந்தக் கருவியில் முதல் பாகமே இல்லாததால், முக்கியமான முடிவுகளை ஆடுகிறவரே தேர்ந்துகொள்ளும் ஒரு படக்கதையை முன்னால் சேர்த்தார்கள்.

'கிங்டம் கம் 2' நேரடித் தொடர்ச்சி. ஆனாலும் பழைய சேமிப்பைக் கேட்பதில்லை. 2018 பெப்ரவரி 13 அன்று வந்த முதல் பாகத்தின் சுருக்கத்தை ஒரு பந்தியில் சொல்லிவிடலாம். 1403ஆம் ஆண்டு, பொஹீமியா. நான்காம் வென்சஸ்லாஸ் மன்னர் சிறைப்பட்டிருக்கிறார். அவருடைய சகோதரர் சிகிஸ்மண்டின் படை ஸ்கலிட்ஸ் என்ற சிற்றூரை எரிக்கிறது. கொல்லன் மகன் ஹென்றி பெற்றோரை இழந்து தப்பியோடுகிறான். பிரபு ராட்ஸிக்கின் படையில் சேர்கிறான். தன் உண்மைத் தந்தை அந்த ராட்ஸிக்தான் என்று பிறகு அறிகிறான். இளம்பிரபு ஹான்ஸ் கேப்பன் அவனுக்கு நண்பனாகிறான். இவ்வளவு தெரிந்தால் போதும். இரண்டாம் பாகத்துக்காக முதல் பாகத்தை வாங்கி முடித்தாக வேண்டும் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்டு மலைத்துப்போக வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன்

கணினியின் தகுதியை முதலில் பார்க்க வேண்டும். இந்த விளையாட்டுக்குக் குறைந்தபட்சமாகக் கேட்கப்படுவது இன்டெல் கோர் ஐ5-8400 அல்லது ஏஎம்டி ரைசன் 5 2600, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060இன் 6 ஜிபி வகை அல்லது ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்ட், 100 ஜிபி காலியிடம் உள்ள எஸ்எஸ்டி. இலங்கையில் பாவித்த கணினி வாங்குகிறவர்களிடம் பெரும்பாலும் குறைவாக இருப்பது ரேமும் எஸ்எஸ்டியும்தான். 8 ஜிபி ரேமோடு வாங்கி ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பது வீண். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினால் ஊருக்குள் குதிரையில் வேகமாக நுழையும்போது கட்டடங்கள் பிந்தி வந்து நிற்கும். அதைப் பார்த்து விளையாட்டு மோசம் என்று தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

அடுத்தது டேட்டா. 100 ஜிபியை நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் இறக்க ஏறக்குறைய 22 மணி நேரம் ஆகும். நகரத்தில் ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டுக்கு இது ஒரு பொருட்டல்ல. தோட்டத்தில், சிக்னல் ஒரு மூலையில் மட்டும் வரும் லய வீட்டில், 4ஜி ரவுட்டரை ஜன்னல் ஓரம் வைத்து இறக்குகிறவருக்கு இது நான்கைந்து இரவு வேலை. நள்ளிரவுக்குப் பிறகு தனியாகக் கிடைக்கும் இரவு டேட்டா உள்ள பெக்கேஜ் என்றால் அந்த நேரத்தில் மட்டும் இறக்கி, விடியும்போது நிறுத்திவிடலாம். ஸ்டீம் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரே ராத்திரியில் முடிக்கப் பார்த்துப் பகல் டேட்டாவையும் தின்றுவிட்டு, மாதத்தின் மிச்ச நாட்களில் வீட்டில் ஒருவருக்கும் வாட்ஸப் கூட இல்லாமல் செய்வது நல்லதல்ல. பாடசாலைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது சின்ன விஷயமும் அல்ல.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. ஒரு விளையாட்டைப் பணம் கொடுத்து வாங்கியவர், அதன் கோப்புகளை வேறொரு கணினியிலிருந்து கொண்டுவந்து தன் கணக்கில் நிறுவிக்கொள்ள ஸ்டீம் அனுமதிக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் அண்ணனோ நண்பனோ அதே விளையாட்டை வைத்திருந்தால், ஸ்டீமின் பேக்கப் வசதியால் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பதிந்து, தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லலாம். இருவரும் ஒரே ரவுட்டரில் இருந்தால் 2023இல் வந்த வசதியின்படி ஒரு கணினியிலிருந்து மற்றதற்கு நேராகவே மாற்றலாம். பிறகு இறக்க வேண்டியது புதுத் திருத்தங்கள் மட்டும்.

பணம் டாலரில் போகிறது. அமெரிக்காவில் இதன் விலை வெளியானபோது 59.99 டாலர். இலங்கை சேர்ந்திருக்கும் தெற்காசிய விலைப் பிரிவில் பல விளையாட்டுகள் அதைவிடக் குறைவாகக் கிடைக்கின்றன. ஆனாலும் 2022இல் ரூபாய் விழுந்த பிறகு ஒரு புது விளையாட்டு என்பது தோட்டக் குடும்பத்துக்குப் பல நாள் சம்பளம். வங்கி கார்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. மலிவாகக் கிடைக்கிறது என்று பேஸ்புக்கில் விற்கப்படும் பகிர்வுக் கணக்குகளை வாங்குகிறவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை கிடையாது. கணக்கின் உண்மைச் சொந்தக்காரர் கடவுச்சொல்லை மாற்றினால் எல்லாம் போய்விடும். ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றித் தரும் திருட்டுப் பிரதிக்குத் திருத்தங்கள் வந்து சேராது. அதோடு எது வந்து சேரும் என்று சொல்லவும் முடியாது. ஆர்பிஜியை வெளியான நாளிலேயே ஆட வேண்டிய அவசியம் எதுவுமில்லை. ஓர் ஆண்டு பொறுத்தால் விலை குறையும், பிழைகளும் குறைந்திருக்கும்.

வயதையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய வகைப்பாட்டில் இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. இரத்தமும் கெட்ட வார்த்தையும் படுக்கையறைக் காட்சியும் உண்டு. இரண்டு அறை லயத்தில் கணினி எல்லோரும் புழங்கும் இடத்தில்தான் இருக்கும். ஹெட்ஃபோன் போட்டால் சத்தம் அடங்கும், திரை அடங்காது.

திறந்தவுடன்

ஸ்டீம் எண்ணுவது கதை ஓடும் நேரத்தை அல்ல, விளையாட்டு திறந்திருக்கும் நேரத்தை. முகப்பில் நிற்கும் நிமிடமும், செட்டிங்ஸ் மாற்றும் நிமிடமும், சாப்பிடப் போனபோது திறந்தபடி விட்டுப்போன அரை மணி நேரமும் அந்த இரண்டு மணி நேரத்தில் சேரும். ஆகவே தேவையானதை வாசித்து வைத்துக்கொண்டு திறக்க வேண்டும். எழுந்துபோனால் மூடிவிட வேண்டும்.

முதல் பத்து நிமிடத்தைப் படத்தரத்துக்குக் கொடுக்கலாம். குறைந்தபட்சக் கணினியில் படத்தரத்தைத் தாழ்வில் வைத்து, எஃப்எஸ்ஆர் வசதியைத் திறந்தால் ஓட்டம் சீராகும். சப்டைட்டிலைக் கட்டாயம் திறந்து அதன் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். விளையாட்டில் தமிழ் இல்லை. ஸ்டீமின் முகப்பிலும் இல்லை. தமிழ்மொழி மூலம் படித்தவருக்கு இதில் பேசப்படும் பழைய பாணி ஆங்கிலம் முதலில் கடினமாகத்தான் இருக்கும். இந்த விளையாட்டின் பெரும்பகுதி பேச்சு. யாரிடம் எதைச் சொல்வது என்பதில்தான் பல பிரச்சினைகள் தீர்கின்றன. பேச்சைத் தாண்டித் தாண்டிப் போகிறவருக்குக் கிடைப்பது விளையாட்டின் பாதிதான். ஆங்கிலத்தை வாசிக்கும் பொறுமை தனக்கு இருக்கிறதா என்பதே முதல் மணி நேரத்தில் கேட்டுப் பார்க்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி.

கதை ஹென்றியில் தொடங்குவதில்லை. முற்றுகையிடப்பட்ட சுக்டோல் கோட்டையின் மதில்மேல், கோட்வின் என்ற பாதிரியாராக ஆடுகிறவர் நிற்கிறார். சண்டையின் அடிப்படைகள் அங்கே சொல்லித் தரப்படுகின்றன. அது முடிந்ததும் கதை பின்னோக்கிப் போகிறது: ஹென்றியும் ஹான்ஸும் ஒரு கடிதத்தோடு ட்ரோஸ்கி கோட்டைக்குப் பயணம் போகிறார்கள். வழியில் நடக்கும் பேச்சில் ஹென்றி எதில் வல்லவன் என்று கேட்கப்படுகிறது. வாள் பிடிப்பதிலா, நாவன்மையிலா, பதுங்கிப் போவதிலா என்று ஆடுகிறவர் சொல்லும் பதிலே அவனுடைய தொடக்கத் திறன்களை முடிவுசெய்கிறது. எண்கள் நிறைந்த பட்டியலைத் திறந்து புள்ளிகளைப் பங்கிடும் பழைய முறையைவிட இது புதியவருக்கு எவ்வளவோ இலகு. ஆங்கிலப் பேச்சில் ஓரளவு தைரியம் உள்ளவர் நாவன்மையைத் தேர்வது நல்லது. தொடக்கத்தில் வாளால் முடியாதவை பேச்சால் முடியும்.

பிறகு கொள்ளையர் தாக்குகிறார்கள். ஹென்றி கவசத்தை, வாளை, குதிரையை, நாயை எல்லாம் இழக்கிறான். காயம்பட்டுப் பொசேனா என்ற மூலிகைக்காரியின் குடிசையில் தங்குகிறான். முதல் பாகத்தில் தேர்ந்த வீரனாக முடிந்தவன் இங்கே மறுபடி ஒன்றுமில்லாதவன். இரண்டாம் பாகங்களுக்கு இது பழகிப்போன உத்தி. 'மாஸ் எஃபெக்ட் 2' நாயகனைக் கொன்றே தொடங்குகிறது. முதல் பாகத்தை ஆடியவருக்கு இது எரிச்சல் தரலாம். ஆனால் ஹென்றியின் இழப்பு கதைக்குள் நடக்கிறது, அதன் விளைவும் தொடர்கிறது: கிழிந்த அழுக்கு உடையில் கோட்டை வாசலுக்குப் போகிற ஹென்றியையும் ஹான்ஸையும் காவலர் நாடோடிகள் என்று விரட்டுகிறார்கள். கையில் கடிதம் இல்லை, உடம்பில் நல்ல துணி இல்லை. பிரபு என்று சொன்னால் யார் நம்புவார்? இந்த விளையாட்டு எதைப் பற்றியது என்பதை முதல் இரண்டு மணி நேரத்தில் மிகத் தெளிவாகச் சொல்லும் காட்சி இதுதான். உடை, அழுக்கு, நாற்றம், ஊரில் உள்ள பெயர் ஆகிய அனைத்தும் இங்கே கணக்கில் வருகின்றன. பேசுவதற்கு முன் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டால் எதிரில் இருப்பவர் மரியாதையாகப் பேசுவார்.

வாசலில் விரட்டப்பட்டவர்கள் மதுக்கடைக்குப் போய், அங்கே சண்டையில் சிக்கி, தண்டனை மரக்கட்டையில் ஊர் பார்க்க மாட்டப்படுகிறார்கள். விடுபட்டதும் இருவரும் மனம் கசந்து பிரிகிறார்கள். விளையாட்டின் திறந்த உலகம் அங்கிருந்துதான் ஆரம்பம். நிதானமாக வாசித்து ஆடுகிறவருக்கு இந்த இடத்தை அடையவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அதாவது, பணத்தைத் திருப்பிக் கேட்கும் கெடு முடிந்த பிறகுதான் உண்மையான விளையாட்டு தொடங்குகிறது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்ல முடியாது. பெரிய ஆர்பிஜிகள் பலவற்றின் நிலை இதுதான். இதைத் தெரிந்துகொண்டு திறப்பவர் ஏமாற மாட்டார்.

சேமிப்பும் கரண்டும்

மலையகத்தில் ஆடுகிறவர் மற்ற எதையும்விட இந்தப் பகுதியைக் கவனமாக வாசிக்க வேண்டும். 'பல்டர்ஸ் கேட் 3' போன்றவற்றில் நினைத்த நேரத்தில் சேமிக்கலாம். 'கிங்டம் கம்' இரண்டு பாகங்களிலும் அது முடியாது. சேமிப்பதற்கு 'சேவியர் ஷ்னாப்ஸ்' என்ற ஒரு குப்பி மருந்தைக் குடிக்க வேண்டும், அல்லது தனக்கு உரிமையுள்ள படுக்கையில் தூங்க வேண்டும், அல்லது சேமித்துவிட்டு விளையாட்டை விட்டே வெளியேற வேண்டும். கதையின் சில கட்டங்களில் தானாகவும் சேமிக்கப்படும். செய்ததன் விளைவை ஏற்றுக்கொள்ளட்டும் என்பது இந்த முறையின் நோக்கம். அந்த நோக்கம் நல்லதுதான். ஆனால் கரண்ட் போனால் அந்த விளைவும் சேர்ந்து போய்விடும்: ஒரு மணி நேரம் மூலிகை பறித்து, பேரம் பேசி, திருடனைத் துரத்திப் பிடித்தது எல்லாம் ஒரே நொடியில் இல்லாமலாகும்.

2022இல் நாடு முழுவதும் ஒரே நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட நிலை இப்போது இல்லை. ஆனால் மின்கம்பிமேல் மரக்கிளை விழுவதற்கு ஊவா மலைகளில் பஞ்சமில்லை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடிமழை வரும். அந்த நேரத்தில் யூபிஎஸ்ஸை நம்பி ஆடிக்கொண்டிருப்பது தவறு. வானம் இருண்டு முதல் இடி கேட்டதும் சேமித்து வெளியேறி, கணினியின் பிளக்கையும் ரவுட்டரின் பிளக்கையும் கழற்றிவிட வேண்டும். பழைய லயங்களில் எர்த் கம்பி சரியாக இருப்பது அரிது. மின்னலில் போவது சேமிப்புக் கோப்பு மட்டுமல்ல.

மற்ற நாட்களுக்கு 650 விஏ யூபிஎஸ் ஒன்று போதும். அது ஆடுவதற்கான நேரத்தைத் தராது. சேமித்து வெளியேறவும் கணினியை முறையாக நிறுத்தவும் சில நிமிடம் தரும். இணையம் போவதைப் பற்றிக் கவலையில்லை. இது தனியாக ஆடும் விளையாட்டு. ஸ்டீமை ஆஃப்லைன் நிலையில் வைத்தால் சிக்னல் இல்லாமலும் ஓடும். மடிக்கணினியில் ஆடுகிறவருக்கு யூபிஎஸ் தேவையில்லை, ஆனால் பேட்டரியில் ஓடும்போது வேகம் வெகுவாகக் குறையும். அதைப் பார்த்துவிட்டு விளையாட்டைக் குறை சொல்லக் கூடாது.

சேமிக்க உதவும் அந்த மருந்தை வாங்கவும் செய்யலாம், காய்ச்சவும் செய்யலாம். காய்ச்சுவது இந்த விளையாட்டின் மிக நல்ல பகுதிகளில் ஒன்று. மேசைமேல் கொப்பரை, துருத்தி, மணற்கடிகாரம், உரல் எல்லாம் இருக்கும். கொப்பரையில் திராட்சை மதுவை ஊற்றி, தொட்டால் அரிக்கும் நெட்டில் இலையைப் போட்டு, நெருப்புக்கு இறக்கி, துருத்தியை ஊதிக் கொதிக்கவைத்து, மணற்கடிகாரத்தைத் திருப்பி நேரம் பார்க்க வேண்டும். பெல்லடோனாவை உரலில் இடித்துப் பிறகு சேர்க்க வேண்டும். கொதி கூடினாலோ முறை பிசகினாலோ மருந்தின் தரம் குறையும். இதை ஒரு தடவை செய்து பார்ப்பவருக்கு இந்த விளையாட்டு தனக்கு ஏற்றதா என்பது கண்டிப்பாகத் தெரிந்துவிடும். ரசித்தவருக்கு மிச்சமும் பிடிக்கும். எப்போது முடியும் என்று பார்த்தவர் திருப்பிக் கொடுத்துவிடலாம். சேமிப்பு முறை மட்டுமே தொல்லை என்றால், அதை நீக்கும் மோட் கோப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. கரண்ட் நிலையில்லாத ஊரில் அதைப் பயன்படுத்துவதில் குறை எதுவுமில்லை.

தொடக்கம் காட்டாதவை

முதல் இரண்டு மணி நேரத்தில் நம்பகமாகத் தெரிபவை சில உண்டு: கையில் கட்டுப்பாடு எப்படி இருக்கிறது, சண்டை பிடிக்கிறதா, எழுத்து வாசிக்க முடிகிறதா, குரல் நடிப்பு எப்படி, உலகம் நம்பும்படி இருக்கிறதா. முதல் பாகத்தில் தொல்லையாக இருந்த சண்டை முறை இதில் எளிதாக்கப்பட்டிருப்பதும், முதல் பாகம் வெளியானபோது நிறைந்திருந்த பிழைகள் இதில் மிகக் குறைவாக இருப்பதும் உடனே புலப்படும்.

கதையின் தரம் அப்படித் தெரியாது. 2004 டிசம்பரில் வந்த 'நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் 2' இதற்கு நல்ல சாட்சி. அப்சிடியன் நிறுவனத்துக்குக் கிடைத்த காலம் மிகக் குறைவு. தொடக்கமும் நடுப்பகுதியும் ஆழமாக எழுதப்பட்டும், முடிவு அறுபட்டு நின்றது. வெட்டப்பட்ட பகுதிகளைப் பிற்காலத்தில் ரசிகர்களே தேடியெடுத்துச் சேர்த்தார்கள். 2011 மார்ச்சில் வந்த 'டிராகன் ஏஜ் 2' முதலில் விறுவிறுப்பாகத்தான் தெரிந்தது. ஒரே குகை வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வருவது பல மணி நேரம் ஆடிய பிறகே உறைத்தது.

தொடக்கம் இப்படி ஏமாற்றுவதற்குப் பலரும் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு. 'பல்டர்ஸ் கேட் 3'இன் முதல் அங்கம் மட்டும் 2020 ஒக்டோபரிலிருந்தே முன்விற்பனையாகக் கிடைத்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் லட்சக்கணக்கானோர் அதை ஆடிக் குறை சொல்ல, அது திருத்தப்பட்டுக்கொண்டே வந்தது. முழு விளையாட்டு 2023 ஓகஸ்டில் வந்தபோது முதல் அங்கம் மின்னியது. மூன்றாம் அங்கத்தின் பெருநகரத்தில் நல்ல கணினிகளும் திணறின. எல்லா விளையாட்டிலும் தொடக்கம்தான் அதிகம் பார்க்கப்படுகிறது, அதிகம் திருத்தப்படவும் செய்கிறது. ஆகவே தொடக்கம் நன்றாக இருப்பது முழுவதும் நன்றாக இருப்பதற்கு உத்தரவாதம் அல்ல. தொடக்கமே கரடுமுரடாக இருந்தால் அதைப் பாரதூரமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கணினியின் ஓட்டமும் அப்படியே. 'கிங்டம் கம் 2' இரண்டு பெரிய நிலப்பரப்புகளைக் கொண்டது. முதலில் வரும் ட்ரோஸ்கி வட்டாரம் காடும் சிற்றூரும். பிறகு வரும் குட்டன்பெர்க், வெள்ளிச் சுரங்கங்களால் செழித்த நகரம். இன்றைய குட்னா ஹோரா. அதன் பழைய நகரப்பகுதி 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்த நெருக்கமான தெருக்களில் ப்ராசஸருக்கு வேலை பல மடங்கு கூடும். காட்டுக்குள் நொடிக்கு 40 பிரேம் மட்டுமே எட்டும் கணினி நகரத்தில் தடுமாறும். முதல் இரண்டு மணி நேரத்தில் படத்தரத்தைத் தாழ்த்தியும் கொஞ்சம்கூட மிச்சம் இல்லாமல் ஓடுகிறது என்றால், அந்தக் கணினிக்கு இந்த விளையாட்டு வேண்டாம்.

வைத்துக்கொள்ளத் தீர்மானிப்பவர் மூன்றாம் மணி நேரத்தில் ஒரு தேர்வைச் சந்திப்பார். ட்ரோஸ்கி பிரபுவை நெருங்க ஒரு திருமணத்துக்குப் போக வேண்டும். அழைப்புக் கிடைக்க டாஹோவ் ஊர்க் கொல்லன் ரதோவனிடமோ ஆலைக்காரன் கிரெய்ஸ்லிடமோ வேலைக்குச் சேர வேண்டும். ஆலைப் பக்கம் பூட்டு உடைப்பதும் களவும் பழகலாம். புதியவருக்குக் கொல்லன் பட்டறையே நல்லது. இரும்பைப் பழுக்கக் காய்ச்சிப் பட்டடையில் வைத்து, அடியை ஒரே இடத்தில் போடாமல் நீளவாக்கில் நகர்த்தி, திருப்பி மறுபக்கமும் அடிக்க வேண்டும். தாளம் சரியாக விழும்போது ஹென்றி சீட்டியடிப்பான்; சீட்டி நின்றால் அடி பிசகிவிட்டது, அல்லது இரும்பு ஆறிவிட்டது. செய்த பொருளை விற்றுக் காசு சேர்க்கலாம். உறங்க உரிமையுள்ள படுக்கையும் அங்கே கிடைப்பதால், சேமிக்கும் கவலையும் பெருமளவு தீரும்.

திருப்பிக் கொடுப்பது

வேண்டாம் என்று முடிவானால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் நிறுத்திவிடுவது பாதுகாப்பு. ஸ்டீமின் உதவிப் பகுதியில் சமீபத்தில் வாங்கியவற்றின் பட்டியல் இருக்கும். விளையாட்டைத் தேர்ந்து, பணம் திரும்ப வேண்டும் என்பதை அழுத்தி, காரணத்தைக் குறிப்பிட வேண்டும். பிடிக்கவில்லை என்பதே போதுமான காரணம். ஏற்றுக்கொள்ளப்பட்ட பின் பணம் பொதுவாக ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். வெளிநாட்டுக் கார்டுகளுக்குச் சிலவேளை தாமதமாகும்.

பணத்தைக் கார்டுக்கும் வாங்கலாம், ஸ்டீம் வாலட்டிலும் வைக்கலாம். இலங்கைக் கணக்கின் வாலட் டாலரில் இருக்கிறது. கார்டுக்குத் திரும்பும் பணம் அன்றைய மாற்று விகிதத்தில் ரூபாயாகும். போனபோது இருந்த தொகையே வரும் என்று சொல்ல முடியாது. வேறு விளையாட்டு வாங்கும் எண்ணம் இருந்தால் வாலட்டில் விடுவது இலாபம். வீட்டுச் செலவுக்குத் தேவைப்பட்டால் கார்டுக்கே வாங்க வேண்டும், வாலட்டில் போட்டதை மறுபடி காசாக எடுக்க முடியாது. விளையாட்டை இலவசமாக ருசி பார்க்க இந்த வசதியை அடிக்கடி பயன்படுத்துகிறவருக்கு ஸ்டீம் மறுப்புச் சொல்லலாம். பிளேஸ்டேஷன் கடையில் நிலைமை வேறு: அங்கே டவுன்லோட் தொடங்கிவிட்டாலே, விளையாட்டில் கோளாறு இல்லாதவரை, பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. அங்கே வாங்குகிறவர், தன்னுடையதைப் போன்ற கருவியில் வேறொருவர் ஆடும் காணொளியை முதல் ஒரு மணி நேரமாவது பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.